எல்க் வேட்டைக்கு மேக்னம் ரைஃபிள்: 7 எம்எம் ரெமிங்டனா, 300 வின் மேக்கா?

செந்தில்_ஃபோர்ட்காலின்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். கொலராடோ மூன்றாவது ரைஃபிள் சீசனுக்கு எல்க் (பெரிய காட்டு மான்) டேக், அதாவது வேட்டை அனுமதிச் சீட்டு, கையில் இருக்கிறது. இடம் ஃப்ளாட் டாப்ஸ், மீக்கர் ஊருக்குக் கிழக்கே உள்ள மலை. நவம்பர் என்பதால் பனி கட்டாயம் இருக்கும்.

இதுவரை நான் சுட்டது பிராங்ஹார்னும் மியூல் மானும்தான், எல்லாம் 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா போடும் ரைஃபிளில். அந்த ரைஃபிள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வளர்ந்த காளை எல்க் 700 பவுண்டு தேறும், எலும்பும் கனம். மரமில்லாத மேட்டில் நின்று எதிர்ச் சரிவில் மேய்வதைச் சுடும்படி இருக்கும் என்று அங்கே போனவர்கள் சொல்கிறார்கள். அதனால் ஒரு மேக்னம், அதாவது வெடிமருந்து அதிகம் உள்ள பலமான தோட்டா போடும் ரைஃபிள், வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

கடையில் கேட்டால் "300 வின் மேக் எடுங்க, யோசிக்கவே வேண்டாம்" என்கிறார்கள் (300 வின்செஸ்டர் மேக்னம்). நண்பர் ஒருவர் 28 நோஸ்லர் என்ற தோட்டாவைத் தவிர வேறு எதையும் பேச விடுவதில்லை. எங்கே படித்தாலும் இப்போது 7 பிஆர்சி என்ற இன்னொரு தோட்டாவைப் பற்றித்தான் இருக்கிறது.

என் நிலவரம் இது. 450 கஜத்துக்கு மேல் சுடுகிற எண்ணம் இல்லை. தோட்டா நானே கட்டுவதில்லை, கடைத் தோட்டாதான். ஆள் ஐந்தடி ஆறங்குலம், 65 கிலோ. ஸ்கோப்போடு எட்டரைப் பவுண்டுக்கு மேல் போனால் அந்த உயரத்தில் தூக்கிக்கொண்டு நடப்பது கஷ்டம். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள், கறி முழுவதும் வீட்டுக்குத்தான். பழகியவர்கள் சொல்லுங்கள்.

மேற்குச்சரிவு

செந்தில் தம்பி, 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் வாங்குங்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கையில் இருக்கும் கிரீட்மூரைப் பார்ப்போம். 143 கிரெயின் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சின்ன எடை அளவு) ஈஎல்டி-எக்ஸ் வகைக் குண்டு விநாடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்புகிறது. 400 கஜம் போகும்போது அதனிடம் மிஞ்சும் ஆற்றல் ஏறத்தாழ 1500 அடி-பவுண்டு. எல்க்குக்கு 1500 வேண்டும் என்று இங்கே பழைய ஆட்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். கொலராடோ சட்டம் கேட்பது அதைவிடக் குறைவு: .24 காலிபருக்கு (அங்குலத்தில் குழல் துளையின் விட்டம்) குறையாத ரைஃபிள், 85 கிரெயினுக்குக் குறையாத விரியும் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு. அப்படிப் பார்த்தால் 300 கஜம் வரை உங்கள் கிரீட்மூரே தாராளம். மேக்னம் உங்களுக்குத் தருவது அதற்கு அப்பால் உள்ள நூற்றைம்பது கஜம். அப்புறம், காளை சற்றுச் சாய்ந்து நிற்கும்போது தோள் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகிற கனம். அந்த இரண்டுக்கும்தான் காசு கொடுக்கிறோம்.

300 வின் மேக், 7 எம்எம் ரெம் மேக் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவின் கேஸ்தான், அதாவது மருந்து நிரப்பும் பித்தளைக் கூடுதான், இரண்டுக்கும் மூலம். அடியில் இருக்கும் அந்தப் பட்டை வளையமும் அங்கிருந்து வந்ததுதான். ரெமிங்டன் 1962-இல் மாடல் 700 ரைஃபிளோடு 7 எம்எம்மை இறக்கியது. அடுத்த வருஷமே வின்செஸ்டர் 300-ஐக் கொண்டுவந்தது. பழைய 300 ஹெச் அண்ட் ஹெச், 300 வெதர்பி மாதிரி நீண்ட ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறி) இவற்றுக்கு வேண்டாம். 30-06 என்ற சாதாரணத் தோட்டா போகிற ஆக்‌ஷனிலேயே இவை உட்கார்ந்துவிடும். அதனால்தான் இத்தனை வருஷம் நின்றன, இன்றும் மலையடிவாரத்துச் சின்னக் கடையில்கூட இவற்றின் பெட்டி கிடைக்கிறது.

இப்போது எண்களைப் பாருங்கள். கடைத் தோட்டாவில் 7 எம்எம் 162 கிரெயின் ஈஎல்டி-எக்ஸ் 2940 அடியில் கிளம்புகிறது. 300 வின் மேக்கில் 200 கிரெயின் 2850 அடியில் கிளம்புகிறது. 500 கஜத்தில் முதலாவது 2200 அடிக்குப் பக்கத்தில், இரண்டாவது 2100-க்குச் சற்று மேலே. ஆற்றலில் 300 முந்தும்: அது 2000 அடி-பவுண்டை ஒட்டி நிற்கும்போது 7 எம்எம் 1750 பக்கம். ஆனால் இரண்டுமே நீங்கள் கேட்கும் 450 கஜத்தில் அந்த 1500-ஐத் தாண்டித்தான் இருக்கின்றன. 300 கூடுதலாகக் கொடுக்கும் அந்த இருநூற்றைம்பதை எல்க் உணரப்போவதில்லை. உங்கள் தோள் உணரும்.

உதை என்பது குண்டின் எடை, அதன் வேகம், எரிகிற மருந்தின் எடை மூன்றும் சேர்ந்தது. கிரீட்மூரில் நாற்பது கிரெயினுக்குச் சற்று மேல் மருந்து. 7 எம்எம் மேக்னத்தில் அறுபதுக்கு மேல். 300-இல் எழுபதைத் தாண்டும். எட்டரைப் பவுண்டு ரைஃபிளில் கிரீட்மூர் ஏறத்தாழ 12 அடி-பவுண்டு உதைக்கும், 7 எம்எம் 20, 300 வின் மேக் 26, 27. நீங்கள் இப்போது சுடுவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 65 கிலோ ஆளால் அதைத் தாங்க முடியாது என்று நான் சொல்லவில்லை. தாங்கலாம். ஆனால் ஒரு பெட்டித் தோட்டா முடிவதற்குள் விரல் விசையைத் தொடும் முன்பே கண் மூடத் தொடங்கிவிடும்.

வாங்கும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள். யாரிடமாவது 300 வின் மேக் இருந்தால் ரேஞ்சுக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் பார்க்காதபடி அவரே தோட்டாவைப் போட்டுத் தரட்டும். இடையிடையே, எப்போது என்று சொல்லாமல், மருந்தில்லாத டம்மித் தோட்டாவைப் போடட்டும். விசை "டிக்" என்று விழும் நொடியில் குழல் முனை கீழே குத்துகிறதா, இடது தோள் முன்னால் வருகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். குத்தினால் 450 கஜத்தில் உங்கள் குண்டு எல்க்கின் நெஞ்சில் போகாது, குடலிலோ காலிலோ போகும். குடலில் அடிபட்ட எல்க் மைல் கணக்கில் நடந்து, ஏதோ ஒரு புதரில் படுத்து, இரவு முழுக்கச் சாகும். அதை ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் உதையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்தது காற்று. மேக்னம் வாங்கினால் காற்றைப் பற்றிக் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில், கடல்மட்டக் கணக்கில், 500 கஜத்தில் 7 எம்எம் சுமார் 13 அங்குலம் ஒதுங்கும். 300 வின் மேக் 14. உங்கள் கிரீட்மூர் 15-ஐத் தொடாது. பார்த்தீர்களா, மூன்றுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலம், ஒன்றரை. பத்தாயிரம் அடி உயரத்தில் காற்று மெல்லிசு, எல்லாமே இன்னும் குறையும். ஆனால் வீசுவது 5 மைலா 15 மைலா என்று தவறாகப் பார்த்தால், எந்தத் தோட்டாவாக இருந்தாலும் ஓரடி தள்ளிப் போகும். எல்க்கின் நுரையீரல் பகுதியின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பள்ளத்தாக்கின் குறுக்கே சுடும்போது நீங்கள் நிற்கும் இடத்தில் காற்று ஒரு பக்கம், நடுவில் வேறு பக்கம் வீசும். எதிர்ச் சரிவில் புல் எப்படி ஆடுகிறது என்று பைனாகுலரில் பாருங்கள். பனித்தூள் எந்தப் பக்கம் பறக்கிறது என்றும் பாருங்கள். புரியவில்லை என்றால் சுடாதீர்கள், கிட்டே போங்கள்.

குண்டைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். தூரத்துக்கு என்று செய்த மெல்லிய உறைக் குண்டுகள் 400 கஜத்தில் அழகாக விரியும். ஆனால் ஃப்ளாட் டாப்ஸில் அடர்ந்த ஸ்ப்ரூஸ் காடும் உண்டு. அதில் 60 கஜத்தில் காளை எழுந்து நின்றால், 2800 அடிக்கு மேலான வேகத்தில் தோள் எலும்பில் மோதி அந்தக் குண்டு சிதறிப்போக வாய்ப்பு இருக்கிறது. மேக்னம் வேகம் கிட்டத்தில் பாதகமாக மாறும் இடம் இதுதான். புதுப் பிரச்சினையும் இல்லை. 1946-இல் ஜான் நோஸ்லர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 300 ஹெச் அண்ட் ஹெச் கொண்டு ஒரு மூஸை (எல்க்கைவிடப் பெரிய மான்) கிட்டத்தில் சுட்டு, குண்டுகள் உள்ளே இறங்காமல் உடைந்த பிறகுதான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டைச் செய்யத் தொடங்கினார். 1948-இலிருந்து அது விற்பனையில் இருக்கிறது. ஆகவே ஈயமும் உறையும் ஒன்றாக ஒட்டிய பாண்டட் குண்டு எடுங்கள். 160 கிரெயின் அக்யூபாண்ட் நல்ல தேர்வு. அது விரிவதற்குக் குறைந்தது 1800 அடி வேகம் வேண்டும், 450 கஜத்தில் உங்களிடம் அதற்கு மேலேயே இருக்கும்.

28 நோஸ்லரை விட்டுவிடுங்கள். தோட்டா அருமையானது. ஆனால் மருந்து அதிகம், குழலைச் சீக்கிரம் தின்னும், சின்ன ஊர்க் கடையில் கிடைக்காது. உங்கள் 450 கஜத்துக்கு அது எதையும் கூட்டித் தரப்போவதில்லை.

தோட்டாக்கட்டி

மேற்குச்சரிவு அண்ணன் சொன்ன காற்றுக் கணக்கை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 300 வின் மேக்கை இவ்வளவு சுலபமாகத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. நான் மொன்டானாவில் பல வருஷமாக அதைத்தான் தூக்குகிறேன்.

எல்க் எப்போதும் பக்கவாட்டில் நின்று கொடுக்காது. முக்கால்வாசி திரும்பி நிற்கிற காளைக்கு, பின்விலாவில் நுழைந்து எதிர்த்தோள் வரை போக வேண்டும். அங்கே 180, 200 கிரெயின் கனம் பேசும். நாளைக்கு அலாஸ்காவில் மூஸ் வேட்டைக்கு வாய்ப்பு வந்தால் அதே ரைஃபிள் போதும். கடைத் தோட்டாவில் 150-லிருந்து 200 கிரெயினுக்கு மேல் வரை எத்தனையோ வகை கிடைக்கும்.

உதைக்கு மஸில் பிரேக் இருக்கிறது, குழல் முனையில் மாட்டி வாயுவைப் பக்கவாட்டில் விடும் துண்டு. போட்டால் 300-ஐ 7 எம்எம் மாதிரி சுடலாம்.

அப்புறம் 7 எம்எம் ரெம் மேக்கில் ஒரு விஷயத்தை அண்ணன் சொல்லவில்லை. பழைய ரைஃபிள்களில் முறுக்கு (குண்டைச் சுழற்ற குழலுக்குள் இருக்கும் சுருள் வரி) 9.25, 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்றைய 180 கிரெயின் நீளக் குண்டுகள் அந்த முறுக்கில் நிலைக்காது. நீளக் குண்டுதான் வேண்டும் என்றால் 2022-இல் ஹார்னடி கொண்டுவந்த 7 பிஆர்சி சரி. 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, பட்டை வளையம் கிடையாது, 175 கிரெயின் ஈஎல்டி-எக்ஸ் 3000 அடியில் போகிறது. கேஸைத் திரும்பத் திரும்பக் கட்டுகிற எங்களுக்கு வளையம் இல்லாதது நிம்மதி, ஏனென்றால் வளையத்துக்குச் சற்று மேலேதான் கேஸ் நீண்டு உடையும். கடைத் தோட்டா சுடுகிறவருக்கு அதனால் வித்தியாசம் ஒன்றுமில்லை.

லாரமி_வாசி

பிரேக் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். பிரேக் போட்ட மேக்னத்துக்குப் பக்கத்தில் காதில் ஒன்றும் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவருடைய காதை ஒரே வெடி கெடுத்துவிடும். வேட்டையில் எல்க் திடீரென்று வரும். பக்கத்தில் பைனாகுலர் பிடித்துக்கொண்டிருப்பவர் காதடைப்பைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். என் கணவருக்கு ஒரு காதில் இன்றும் ரீங்காரம் நிற்கவில்லை. வயோமிங், கொலராடோ இரண்டிலும் வேட்டைக்கு சைலன்சர் அனுமதி உண்டு. உதையும் குறையும், சத்தமும் குறையும். செலவு செய்வதாக இருந்தால் அதில் செய்யுங்கள். நீளம் கூடும், எடை கூடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 6.5 பிஆர்சி வைத்திருக்கிறேன். 143 கிரெயின் 2960 அடி. என் எல்லை 350 கஜம், அதற்குள் எல்க் விழாமல் இருந்ததில்லை.

செந்தில், ரைஃபிளின் கட்டை உங்கள் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் டி-ஷர்ட்டோடு தோளில் வைத்துப் பார்க்காதீர்கள். நவம்பரில் போடும் தடித்த ஜாக்கெட், அதற்கு மேல் ஆரஞ்சு வெஸ்ட், எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். உட்கார்ந்து, முழங்காலில் முட்டி வைத்து, மேல்நோக்கி ஏறுமுகமாகவும் பிடித்துப் பாருங்கள். மேக்னத்தில் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் மூன்றரை அங்குலமாவது வேண்டும். மேட்டை நோக்கிச் சுடும்போது முகம் தானாக முன்னால் நகரும், ஸ்கோப் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும்.

இன்னொன்று, குழந்தைகள் சாப்பிடும் கறி என்றீர்கள். ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றி ஒரு சாணுக்கு மேலேயும் பரவும். சின்னப் பிள்ளைகளுக்கு ஈயம் கொஞ்சம்கூட ஆகாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. முழுச் செம்புக் குண்டு எடுங்கள், பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் மாதிரி. செம்பு இறுக்கமானது, நன்றாக விரிய 2000 அடி வேகமாவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கனத்தைக் குறைத்து 140, 150 கிரெயினில் வேகத்தைக் கூட்டுவார்கள். அது அடிபட்ட பிறகும் எடையை இழக்காது, ஆகவே லேசான குண்டே ஆழமாகப் போகும். மேக்னத்தின் வேகத்துக்கு நல்ல உபயோகம் இதுதான் என்பேன். எங்கள் வீட்டில் பின்தொடைக் கறியில் மிளகு வறுவல் போடுவேன். எந்தத் துண்டையும் யோசிக்காமல் பிள்ளைகள் தட்டில் வைக்கிறேன்.

மேற்குச்சரிவு

லாரமி அம்மா சொன்ன செம்பை ஏற்றுக்கொள்கிறேன். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் நான் சொன்ன அக்யூபாண்டை விட்டு அதையே எடுங்கள், தம்பி. ஒரு நிபந்தனை: செம்புக்கு 2000 அடி வேண்டும் என்பதால், எந்தத் தூரத்தில் உங்கள் குண்டு அந்த வேகத்துக்குக் கீழே இறங்குகிறது என்று கணக்குப் போட்டு அதையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் காற்றை அவ்வளவு நன்றாக வெட்டாது, வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். எல்லை 400 பக்கம் வரலாம். வந்தால் வரட்டும்.

தோட்டாக்கட்டி சொன்ன 200 கிரெயின் கனம் உண்மை. ஆனால் திரும்பி நிற்கிற காளையை 400 கஜத்தில் இவர் சுடவே கூடாது என்பது என் கட்சி. அது மறுபடி பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்கலாம். அந்தத் தூரத்தில் குண்டு போய்ச் சேர அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதற்குள் ஒரு காலடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்குப் போன குண்டு வயிற்றில் படும். மேய்ந்துகொண்டே நகரும் எல்க்குக்கும் விசையைத் தொடக் கூடாது, தலையைத் தூக்கி நிற்க வேண்டும்.

முறுக்கு விஷயம் சரிதான். ஆனால் இவர் 180 கிரெயின் சுடப்போவதில்லை. 140, 150, 160 மூன்றும் 9.5 முறுக்கிலேயே நன்றாக நிற்கும். 7 பிஆர்சியும் தப்பில்லை. மீக்கர் போய்ச் சேர்ந்த பிறகு தோட்டாப் பெட்டி காணவில்லை என்றால் எது கடையில் இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

செந்தில்_ஃபோர்ட்காலின்ஸ்

அனைவருக்கும் நன்றி. அண்ணன் சொன்ன டம்மித் தோட்டாச் சோதனையை நண்பரின் 300-இல் செய்து பார்த்தேன். குழல் முனை நன்றாகவே கீழே குத்தியது என்று அவர் சொன்னார். கிரீட்மூரில் குத்தவில்லை. அதனால் 7 எம்எம் ரெம் மேக், 24 அங்குலக் குழல், 150 கிரெயின் செம்பு என்று முடிவு. சைலன்சர் பிறகு பார்க்கலாம்.

ஒரு சந்தேகம். நான் சுட்டுப் பழகும் இடம் ஐந்தாயிரம் அடி உயரம். வேட்டை பத்தாயிரத்தில். ஸ்கோப்பைத் திரும்ப ஸீரோ செய்ய (குறி வைக்கும் இடத்திலேயே குண்டு படும்படி திருத்த) வேண்டுமா? எங்கே ஸீரோ வைப்பது?

மேற்குச்சரிவு

200 கஜத்தில் ஸீரோ வையுங்கள். 250 கஜம் வரை ஒன்றும் யோசிக்காமல் நெஞ்சின் நடுவில் வைத்துச் சுடலாம். 300-இல் ஏழு அங்குலம் வரை இறங்கும், 400-இல் இருபதை ஒட்டி. அட்டவணையை நம்பாமல் அந்தத் தூரங்களில் சுட்டுப் பார்த்து, உங்கள் ரைஃபிள் உண்மையில் எவ்வளவு இறக்குகிறது என்று எழுதி, கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். வேட்டைக்கு வேண்டிய தோட்டாவை ஒரே லாட் எண்ணில் வாங்குங்கள்.

உயரத்தால் வரும் மாற்றம் உங்கள் தூரத்தில் பெரிதில்லை. மெல்லிய காற்றில் குண்டு கொஞ்சம் மேலே போகும், 400 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள்தான். குளிரில் மருந்து மந்தமாக எரிந்து கொஞ்சம் கீழே இறக்கும். இரண்டும் பெரும்பாலும் கழிந்துவிடும். பயப்பட வேண்டியது லாரியின் பின்னால் மலைப்பாதையில் குலுங்கிப் போன ஸ்கோப்புக்கு. சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள், முகாமிலிருந்து தள்ளி, பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் அட்டை வைத்து இரண்டு மூன்று தோட்டா சுட்டுப் பாருங்கள்.

அதுவரை 400 கஜப் பயிற்சியை எல்லாம் கிரீட்மூரிலேயே செய்யுங்கள். தோட்டா விலை குறைவு, தோளும் தப்பிக்கும், மேக்னத்தின் குழலும் தேயாது. பெஞ்சில் உட்கார்ந்து சுடுவதை விட்டுவிட்டு, தரையில் அமர்ந்து, முதுகுப் பையின் மேல் வைத்துச் சுடுங்கள். கடைசியாகக் கொஞ்சம் மேக்னத்தில் சுட்டால் போதும்.

இன்னும் ஒன்று. முகாமை விட்டுக் கிளம்பும்போது குழல் வாயில் எலக்ட்ரிக் டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். விழுந்து எழுந்தாலும் பனி உள்ளே போகாது. சுடும்போது கழற்ற வேண்டியதில்லை, குண்டுக்கு முன்னால் வரும் காற்றே அதைத் தள்ளிவிடும்.